உறையாத எண்ணெய்

அத்தியாயம் 4

பெங்களூரின் ஓரத்தில், ஹெப்பகோடியில் அன்று பொழுது விடிந்தும் வெயில் வரவில்லை. ஜனவரிப் பனி தகரக் கூரைகளின் மேல் ஈரத் துணி போலக் கிடந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் குரங்குக் குல்லாவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு பேச்சில்லாமல் போனார்கள். ஒரு சந்தின் கடைசி வீட்டு வாசலில் மமதா நின்றுகொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் தோசைத் திருப்பி.

"வாங்க சார், வாங்க மேடம். ஸ்வல்ப குனிஞ்சு வாங்க, நிலை இடிக்கும்."

துப்பறியும் ஓஸ்வால்ட் குனிந்தார். அவருடைய உதவியாளர் யசோதா நிமிர்ந்தபடியே உள்ளே போனாள். அவள் உயரத்துக்கு இதுவரை எந்த நிலையும் இடைஞ்சல் செய்ததில்லை.

முந்தின நாள் சாயங்காலம்தான் மமதா விவேக் நகரில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் சுனில், ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கம்பெனியில் டெம்போ ஓட்டி வீடு வீடாக பாட்டில் கொடுப்பவன். போன வாரம் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எண்ணெய் கொண்டுபோனவன் திரும்பவில்லை. டெம்போ மட்டும் அங்கே பார்க்கிங்கில் சாவியோடு நின்றது. போலீஸ் ஸ்டேஷனில், 'வருவான் போம்மா' என்று அனுப்பிவிட்டார்களாம். "உசிரோட இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்," என்று அவள் மேஜையில் தலையை வைத்து அழுதாள். கண்ணீரைச் சந்தேகப்படுவது பாவம் என்று நினைக்கிறவர் ஓஸ்வால்ட். அவருடைய தொழிலுக்கு ஆகாத குணம் அது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டுதான் அவர் இருபது வருஷம் தொழில் செய்திருந்தார்.

ஒற்றை அறை. சுவரில் சுனிலின் படம், கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. நெற்றியில் விழுந்த முடியோடு, போட்டோ எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"உக்காருங்க. வெறும் வயித்துல போகக்கூடாது," என்று மமதா கல்லில் மாவை ஊற்றி, கம்பெனி பாட்டிலைச் சாய்த்தாள். கடலெண்ணெய் தங்கக் கம்பி போல இறங்கி, தோசையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. "எங்க வீட்டுல இந்த எண்ணெய்தான் சார். அவர் வேற எதையும் தொட விடமாட்டார். ஹார்ட்டுக்கு நல்லது."

"எனக்கு எண்ணெய் இல்லாம ஒண்ணு போதும்மா," என்றார் ஓஸ்வால்ட்.

"சாருக்கு டாக்டர் ஒரு நாளைக்கு மூணு ஸ்பூன்னு எழுதிக் கொடுத்திருக்கார்," என்றாள் யசோதா. "போன கிறிஸ்துமஸ்ல அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் சேர்த்து சாப்பிட்டுட்டார். இவரோட பங்கையும் எனக்கே ஊத்துங்க."

மமதா சிரிக்க முயன்றாள். உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. கிளம்பும்போது யசோதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிட்டே இருக்கணும். இல்லன்னா பைத்தியம் பிடிச்சிடும். எனக்கு வேற யாரும் இல்ல."

யசோதாவுக்கு நெஞ்சு இளகியது. போனை எடுத்து, தான் போகிற வழியெல்லாம் மமதாவின் போனில் தெரியும்படி லொகேஷனை ஷேர் செய்து கொடுத்தாள். "இந்தாங்க. நீல நிறத்துல ஒரு புள்ளி நகரும் பாருங்க, அதுதான் நான். நேர்ல இதைவிட அழகா இருப்பேன்."

வைட்ஃபீல்ட் போகும் சாலையில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தன. கேபுக்குள் ஓஸ்வால்ட் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்ததும், "அந்தக் கம்பெனிக்கு நேத்து ராத்திரி போன் பண்ணேன்," என்றார். "ஆதிகேசவன்னு ஒருத்தர் எடுத்தார். முதலாளியாம். குரல்ல தேன் சொட்டுது. சுனில் சொல்லாமப் போயிட்டான்னு வருத்தப்பட்டார்."

"அப்புறம்?"

"இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான், போன மாசம் பாய்லர் பார்த்துக்கிட்டிருந்த நாணுவும் சொல்லாமக் கொள்ளாம கேரளாவுக்குப் போயிட்டான்னார்."

யசோதா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எண்ணெய்க் கம்பெனி இல்லையா சார். ஆளுங்க வழுக்கிட்டுப் போயிடறாங்க போல."

சொன்ன பிறகு, அந்த ஜோக் அவளுக்கே பிடிக்கவில்லை. பின்னால் ஒரு வெள்ளை வேன் வெகு நேரமாக வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் எந்த வண்டிதான் வெகு நேரமாகப் பின்னால் வராமலிருக்கிறது என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்காரர் போனில் சம்மதிக்காமல் ஈ கூட உள்ளே நுழைய முடியாது. ஓஸ்வால்ட் முன்கூட்டியே பேசி வைத்திருந்தது சௌம்யாவிடம். பி பிளாக், மூன்றாவது மாடி. திருச்சிக்காரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அந்தக் கட்டிடம் முழுவதற்கும் எண்ணெய் ஆர்டர் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தாள்.

"பத்து நிமிஷம்தான் சார். மீட்டிங் இருக்கு. அந்த ஆயில் பையனைப் பத்தித்தானே? பேர் கூட எனக்குத் தெரியாது. பாட்டிலை வெச்சுட்டுப் போயிடுவான்."

"வாரா வாரம் வருவாரேம்மா."

"வருவான். நான் போன் கால்ல இருப்பேன்."

ஓஸ்வால்ட் சமையலறைப் பக்கம் பார்த்தார். "எண்ணெயைப் பார்க்கலாமா?" என்றார்.

அது அவளுக்குப் பிடித்த விஷயம். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற யுடிலிட்டிக்கு அழைத்துப் போனாள். திறந்த கம்பி வழியாகக் குளிர் காற்று வந்துகொண்டிருந்த இடத்தில் ஐந்தாறு பாட்டில்கள். மமதா வீட்டில் பார்த்த அதே லேபிள், அதே கடலெண்ணெய். ஆனால் பாட்டிலின் பாதிக்கு மேல் வெள்ளையாக, நெய் போல உறைந்திருந்தது. சௌம்யா ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அசையவில்லை.

"பார்த்தீங்களா, எப்படி உறைஞ்சிருக்கு. அவ்வளவு ப்யூர். எங்க ஊர்ல தேங்காயெண்ணெயை இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, மார்கழில உறைஞ்சா சுத்தம், உறையலன்னா கலப்படம். ஆதிகேசவன் சார் கிளப் ஹவுஸ்ல வந்து பேசினப்போ அதையேதான் சொன்னார். ரிஃபைண்ட் ஆயிலை எல்லாம் அன்னிக்கே நிறுத்திட்டோம். என் ஹஸ்பண்டுக்கு கொலஸ்ட்ரால் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடறேன்."

ஓஸ்வால்ட் பாட்டிலை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், யாருடைய ஜுரத்தையோ தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"அம்மா, தேங்காயெண்ணெய் உறையும். அதோட கொழுப்பு அப்படி. நெய் உறையும், வனஸ்பதி உறையும், பாமாயிலோட கெட்டிப் பகுதி உறையும். அந்த ஜாதிக் கொழுப்பைத்தான் ரொம்பக் குறைச்சுக்கச் சொல்லி எனக்கு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் பெரும்பாலும் ஓடற கொழுப்பு. ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சா கலங்கும். இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது."

சௌம்யா ஹெட்போனைக் கழற்றினாள். "அப்படின்னா?"

"உறையறது சுத்தத்துக்குச் சாட்சி இல்லம்மா. என்ன கொழுப்புங்கறதுக்குத்தான் சாட்சி. இது கடலெண்ணெயே இல்ல. சோப்புக்குப் போற கெட்டிக் கொழுப்போட, வேற எதையோ வெளுத்துக் கலந்திருக்காங்க. வாசனைக்குக் கொஞ்சம் பிண்ணாக்கு, அடியில மண்டி தெரியணுமே."

"இருபத்தெட்டு வீட்டுக்கு நான் ஆர்டர் எடுத்துக் கொடுத்திருக்கேன்," என்றாள் சௌம்யா. குரல் கூர்மையாகிவிட்டது. "நீங்க டிடெக்டிவா, டயட்டீஷியனா? எனக்கு மீட்டிங் இருக்கு."

கதவு மூடியது. மெதுவாகத்தான் மூடியது, ஆனால் மூடியது.

"அவங்க மேல தப்பில்ல," என்றார் ஓஸ்வால்ட். "வெயில் ஊர்லேருந்து வந்தவங்க. அங்க கடலெண்ணெயைக் குளிர்ல பார்த்தவங்க யாரு? தெரிஞ்ச ஒரு பரீட்சையைத் தெரியாத எண்ணெய்க்கு வெச்சுட்டாங்க. அதை அந்த ஆள் பிடிச்சுக்கிட்டார்."

கீழே செக்யூரிட்டி நாராயணசாமி, கம்பளி மஃப்ளரைக் காதோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்சூர்ப் பக்கத்துத் தமிழர். ஓஸ்வால்ட் அவருக்குப் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்து, "டிபன் ஆச்சா அண்ணே?" என்றார். அந்த வாசலில் அவரை யாரும் அண்ணே என்று கூப்பிட்டு நாளாகியிருக்கும். மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"கேமராவில பார்க்கலாம் சார். ஆனா அசோசியேஷன் பர்மிஷன் வேணும். அந்த ஆயில் கம்பெனியும் வந்து கேட்டாங்க. வீடு வீடாப் போய்ப் பார்க்கறோம்னாங்க. விடலையே நாங்க."

"கேமரா வேண்டாம்," என்றார் ஓஸ்வால்ட். "ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கட்டிடத்துல டெலிவரிக்கு வர்ற ஆளுக்குத் தண்ணி கொடுக்கற வீடு எது?"

யசோதா அவரைப் பார்த்தாள். எத்தனையோ கேள்விகளை அவர் கேட்டு அவள் கேட்டிருக்கிறாள். இது புதிது.

நாராயணசாமி யோசிக்கவே இல்லை. "ஒண்ணே ஒண்ணுதான் சார். தொள்ளாயிரத்து நாலு. ஹரிஷ் சார். சின்ன வயசு, தனியா இருக்கார். ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சிருக்கு பாவம். பசங்க வந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு ஃபேன் போடுவார், போன் சார்ஜ் போட்டுக்கச் சொல்வார். மத்தவங்க அஞ்சு ஸ்டார் கொடுப்பாங்க, கதவைச் சாத்திக்குவாங்க. இப்போ ஹரிஷ் சார் ஆபீஸ் போயிட்டார். காலையிலேயே கேப் வந்துச்சு."

"பரவாயில்ல. சும்மா போய்ப் பார்க்கறோம்."

லிஃப்டுக்குள் யசோதா கேட்டாள். "சார், காணாமப் போனவனுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

"டெம்போ இங்க நிக்குது. அவன் இங்கேருந்து வெளிய போனதை யாரும் பார்க்கல. பயந்து ஓடறவன் பெரிய வீடு எதுன்னு பார்ப்பானா? தன்னை மனுஷனா மதிச்ச கதவு எதுன்னு பார்ப்பான்."

கெட்டவர்கள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் வலை விரிக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் சும்மா செய்துவிட்டுப் போகிற நல்லதை மட்டும் கணக்கில் வைக்க அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒன்பதாவது மாடித் தாழ்வாரம் நீண்டு, வெறிச்சென்று இருந்தது. பளிங்குத் தரையில் குளிர் ஏறியது. எங்கோ ஒரு குழாய் விட்டு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. 904-ஐ நெருங்கும்போது ஓஸ்வால்ட் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை யசோதா?"

"உளுந்து அப்பளம் சார். சுத்தமான கடலெண்ணெய்ல. என் வாய் எவ்வளவு வேணும்னாலும் பொய் சொல்லும், மூக்கு சொல்லாது."

"ஹரிஷுக்கு ஸ்டென்ட். ஹரிஷ் ஆபீஸ்ல."

"அப்போ அப்பளம் தன்னைத்தானே பொரிச்சுக்குதா?" யசோதாவின் முகம் மலர்ந்தது. உசிரோட இருக்கான். அந்தச் சந்துக் கடைசி வீட்டில் அழுது வீங்கிய ஒரு முகம் நினைவுக்கு வந்தது. விரல்கள் தாமாகவே ஓடின: 'மமதா, கவலைப்படாதீங்க. நல்ல செய்தி வரும் போல இருக்கு. பி பிளாக் ஒன்பதாவது மாடில இருக்கோம்.' அனுப்பினாள். உடனே இரண்டு நீல டிக் விழுந்தன.

ஓஸ்வால்டின் விரல் அழைப்பு மணிக்கு ஓரங்குலத்தில் நின்றிருந்தது. அழுத்தவில்லை. சுத்தமான கடலெண்ணெய் வாசனையை இன்னொரு முறை இழுத்தார். அவர் முகம் வெளிறிக்கொண்டிருந்தது.

"யசோதா, காலையில மமதா தோசைக்கு எண்ணெய் ஊத்தினாங்களே. எப்படி விழுந்துச்சு?"

"கம்பி மாதிரி. ஏன் சார்?"

"விடியற்காலை. இதைவிட அதிகக் குளிர். தகரக் கூரை. அதே கம்பெனி பாட்டில்." அவர் மெதுவாகத் திரும்பினார். "சௌம்யா வீட்டுல கவிழ்த்தாலும் விழாத எண்ணெய், அங்க ஏன் உறையல?"

யசோதா தோசை சாப்பிட்ட விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

"பாட்டில் அதுதான். உள்ள இருந்தது வேற. நல்ல எண்ணெயை வாங்கி அந்த பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கா. அதாவது, கம்பெனி எண்ணெயில என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவ தன் நாக்குல வைக்க மாட்டா. தெரிஞ்சும் நம்மகிட்ட அதைப் புகழ்ந்தா, கம்பெனி ஆளுதான் அப்படிப் பேசுவா." ஓஸ்வால்டின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அவங்களால இந்தக் கட்டிடத்துல ஒவ்வொரு வீடா தேட முடியல. அதுக்குத்தான் நம்மளை அனுப்பியிருக்காங்க. யசோதா, நீ அவளுக்கு இப்போ என்ன அனுப்பினே?"

யசோதாவின் கையில் போன் அதிர்ந்தது. மமதாவின் பதில்.

'ரொம்ப தேங்க்ஸ் மேடம். நான் கீழ கேட்டுலதான் இருக்கேன். மேல வர்றேன்.'

ஹெப்பகோடியில் அழுதுகொண்டிருக்க வேண்டியவள். திரையில் அந்த நீலப் புள்ளி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. யசோதா அதை அணைத்தாள். போன் மணியையும் அடக்கினாள்.

"சார், நான்தான்... நானே வழி காட்டி..."

"இரக்கப்பட்டே. அது தப்பில்ல," என்று ஓஸ்வால்ட் கதவைத் தட்டினார். "தம்பி சுனில். நான் ஓஸ்வால்ட். உனக்குக் கெடுதல் செய்ய வரல. ஆனா கெடுதல் எங்க பின்னாலயே வந்துடுச்சு. மமதா கீழ இருக்கா. திற."

உள்ளே ஏதோ தட்டு விழுந்தது. பூட்டு திறந்தது. சுவரில் பார்த்த அதே முகம். இப்போது அதில் சிரிப்புக்கான யோசனை எதுவும் இல்லை.

"மமதாக்கா அனுப்பினாங்களா?"

"உன் பெண்டாட்டின்னு சொன்னா."

"எனக்குக் கல்யாணமே ஆகல சார். அவங்கதான் ஓனர். ஆதிகேசவன் சும்மா நாமம் போட்டுட்டு மைக் பிடிச்சுப் பேசற ஆளு. ஷெட்டு, டேங்கு, எல்லாம் அவங்களோடது. ஹோட்டல்ல பத்து வாட்டி காய்ச்சிக் கறுத்த எண்ணெயை வாங்கி வெளுப்பாங்க." வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. "நாணு அண்ணன் ஆபீசர்கிட்ட சொல்லப் போறேன்னார். மறுநாள் கேரளா போயிட்டார்னாங்க. அவர் மூக்குக் கண்ணாடி டேங்க் மூடி பக்கத்துல கிடந்துச்சு சார். அது இல்லாம அவருக்கு எதிர்ல நிக்கற ஆளே தெரியாது. கேரளாவுக்கு எப்படிப் போவார்? நான் அதை எடுத்ததை அவங்க பார்த்துட்டாங்க."

"அப்புறம் இங்க ஏன் வந்தே?"

"ஹரிஷ் அண்ணன் அந்த எண்ணெயை மருந்து மாதிரி சாப்பிட்டுட்டிருந்தார். அன்னிக்கு பாட்டிலை நீட்டக் கை வரல. சொல்லிட்டேன். இங்கேயே இருன்னுட்டார்."

தாழ்வாரக் கடைசியில் லிஃப்டின் சிவப்பு எண் மாறத் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

"படி வழியா," என்றார் ஓஸ்வால்ட். "எல்லாரும் செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க. சத்தம் கேட்கக்கூடாது."

மூவரும் வெறுங்காலோடு இறங்கினார்கள். இறங்கும்போதே ஓஸ்வால்ட் தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசி முடித்தார். ஜீப் வர நேரமாகும். மேலே லிஃப்ட் திறக்கிற மணி. பிறகு கதவை இடிக்கிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. சூடான அப்பளத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

"கீழ கேட்டுக்குப் போக முடியாது. வேன்ல ஆள் இருக்கும்," என்றாள் யசோதா. "யார் வீட்டுக்கு சார் போறது? இந்தக் கட்டிடத்துல நமக்குத் தெரிஞ்சது ஒரே கதவு. அதுவும் நம்ம மூஞ்சியில சாத்தினது."

ஓஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றாவது மாடியில் அந்தக் கதவைத் தட்டினார்.

சௌம்யா பாதி திறந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் சமையலறை மேடையில் உறைந்த பாட்டில்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்திருந்தது தெரிந்தது.

"அம்மா, இவர்தான் அந்தப் பையன். பேர் சுனில். இவரைக் கொல்ல ஆள் மேல இருக்கு. போலீஸ் வர்ற வரைக்கும் இடம் வேணும்."

அவள் சுனிலைப் பார்த்தாள். வாரா வாரம் வந்தவனை முதல் தடவையாக முகம் பார்த்தாள். கதவின் சங்கிலி இறங்கியது.

"வாங்க."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, இன்டர்காமில் நாராயணசாமியிடம் நடப்பதைச் சொல்லி, மூச்சு விட்ட பிறகுதான் யசோதா சுனிலின் கைகளைக் கவனித்தாள். காலியாக இருந்தன. அவளும் ஓஸ்வால்டும் கையில் வைத்திருந்ததைக் கையிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். சுனில் மட்டும், எந்த வீட்டுக்குள் போவதானாலும் வாசலில் விட்டுப் பழகியவன், உயிருக்குப் பயந்து ஓடிவந்த நேரத்திலும் ரப்பர் செருப்பைக் கதவுக்கு வெளியே ஒழுங்காக வைத்துவிட்டு வந்திருந்தான்.

கதவைத் திறக்க யசோதா கையை நீட்டினாள். அதற்குள் படிக்கட்டில் காலடி கேட்டது. ஒரு மாடி, கொஞ்சம் நின்று, அடுத்த மாடி. அவள் கையில் இருந்த போன் ஊமையாக அதிர்ந்தது. மமதா. எந்தக் கதவுக்குப் பின்னால் மணி அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இறங்குகிறாள். யசோதா போனை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, கதவிலிருந்த பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

மமதா வந்தாள். அழுத சுவடே முகத்தில் இல்லை. பின்னால் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர், பாட்டில் கிரேட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. டெலிவரி என்று சொல்லித்தான் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுத்தாள். தரையைப் பார்த்தாள். எண்ணெய் ஊறி விளிம்பெல்லாம் பளபளக்கும் அந்தச் செருப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

"செருப்பைப் பார்த்துட்டா," என்றாள் யசோதா, உதடு மட்டும் அசைய.

சுனில் சமையலறைப் பக்கம் பார்த்தான். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு குழந்தை வரைந்த யானை ஒட்டியிருந்தது. "நான் வெளிய போயிடறேன் சார்," என்றான். "இது குழந்தை இருக்கற வீடு."

அழைப்பு மணி அடித்தது. இனிமையான பறவைச் சத்தம்.

ஓஸ்வால்ட் முன்னால் வந்தார். ஆனால் சௌம்யா அவரைக் கையால் தடுத்து நகர்த்தினாள். கதவைத் தன் உடம்பு போகிற அளவுக்கு மட்டும் திறந்து, வெளியே போய், பின்னால் சாத்திக்கொண்டாள். துவாரத்தில் யசோதா பார்த்தாள்: சௌம்யா நிலைப்படியைத் தாண்டிய அதே அடியில், தன் கால்களை அந்த ஆண் செருப்புக்குள் நுழைத்தாள். அவளுடைய சின்னப் பாதங்கள் அதற்குள் பாதி கூட நிறையவில்லை.

"யார் வேணும்?"

"ஆயில் டெலிவரி மேடம்," மமதாவின் குரலில் தேன். "இந்தச் செருப்பு..."

"என்னோடதுதான். குப்பை கொட்டப் போறதுக்கு. ஏன்?"

மமதா அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு முகத்தை. வெகு நேரம் பார்த்தாள். பின்னால் நின்றவர்களில் ஒருவன் கிரேட்டைக் கீழே வைத்தான்.

"நீங்க எங்க எண்ணெய்தானே வாங்கறீங்க?"

"ஆமா. எல்லாம் உறைஞ்சு போயிருக்கு."

"அது சுத்தத்தோட அடையாளம் மேடம்."

"தெரியும்," என்றாள் சௌம்யா. "எங்க குரூப்ல எல்லாருக்கும் இப்பத்தான் போட்டோ அனுப்பினேன். உறைஞ்ச பாட்டிலோட தாழ்வாரத்துக்கு வாங்கன்னு."

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நைட்டியில் ஓர் அம்மாள், கையில் வெள்ளையாக உறைந்த பாட்டில். அதற்கு அடுத்த கதவும் திறந்தது. படிக்கட்டில் யாரோ கன்னடத்தில், எந்த மாடி என்று கேட்டார்கள். மமதா யாரையும் பார்க்கவில்லை. சௌம்யாவின் காலையே இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அளவு பெரிசா இருக்கு மேடம். விழுந்துடப் போறீங்க," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனாள்.

சிவப்பு எண் இரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. சுவரில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. ஓஸ்வால்ட் எடுத்தார். நாராயணசாமியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சார், போலீஸ் ஜீப் உள்ள வந்துடுச்சு. கேட்டை நான் பூட்டிட்டேன். சாவி என் பாக்கெட்டுல."

சுனில் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து, ஒரு பக்கம் விரிந்திருந்த காம்பை மடக்கி, மறுபடி பையில் வைத்துக்கொண்டான். நாணுவைத் தேடிப் போக வேண்டிய இடம், ஷெட்டில் இருக்கும் அந்த டேங்க், இன்னும் இருந்தது. அங்கே யாரும் விரும்பிப் போக மாட்டார்கள்.

கதவு திறந்தது. சௌம்யா உள்ளே வந்தாள். காலில் அந்தச் செருப்பு இன்னும் இருந்தது. செருப்போடு யாரும் நடந்தறியாத அந்த வீட்டின் வெள்ளைத் தரையில் எண்ணெய்த் தடம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நேராக வந்து, சுனிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சுனில்," என்றாள். "இதைக் கழட்டற தெம்பு இப்போ எனக்கு இல்ல. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"இருக்கட்டும்கா," என்றான் அவன்.